வெப்பத்தில் செல் சவ்வு பலவீனமாகிறது என்கிறார்களே, அந்தப் பலவீனத்தை எப்படி அளக்கிறார்கள்?

ஏப்ரல், மே மாதங்களில் மன்னார் வளைகுடாவைப் பற்றி வரும் செய்திகளில் ஒன்று நமக்குப் பழகிப்போனது. கடல் நீரின் வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டது, மண்டபம், கீழக்கரை பக்கத்துத் தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் வெளுக்கத் தொடங்கிவிட்டன என்பதே அது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இது பெரிய அளவில் நடந்தது. 2016 கோடையில் மட்டும் வளைகுடாவின் உயிருள்ள பவளப் பரப்பு சுமார் 39 சதவீதத்திலிருந்து சுமார் 23 சதவீதமாகச் சுருங்கியது.

காரணம் சொல்லும் இடத்தில் "வெப்பத்தால் செல் சவ்வுகள் பலவீனமடைகின்றன" என்று ஒரு வரி வரும். இந்தக் கரையில் 2013க்குப் பிறகு கப்பாஃபைகஸ் பாசி வளர்ப்பு பெரும் இழப்பைச் சந்தித்தபோதும் இதே மாதிரி விளக்கங்களைக் கேட்டோம். அந்த வரி தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் அரைகுறையானது. சவ்வு எந்த விதத்தில் பலவீனமாகிறது? இழுத்தால் கிழிகிறதா, குத்தினால் ஓட்டை விழுகிறதா, தானாகவே கசிகிறதா? எவ்வளவு பலவீனம்? அதை யார், எந்தக் கருவியால், எந்த நீரில் வைத்து அளந்தார்கள்? இவற்றுக்குப் பதில் தெரியாமல் அந்த வரியிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

சவ்வின் வலுவை நேரடியாகத் தொட்டு அளக்கும் கருவி ஒன்று உண்டு. அதன் பெயர் அணுவிசை நுண்ணோக்கி. ஆய்வகங்களில் ஏஎஃப்எம் என்பார்கள். அது எப்படி அளக்கிறது, அது தரும் எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம், நம் கடலோரத்துக்கு அதில் என்ன இருக்கிறது என்பதை அடியிலிருந்து பார்க்கலாம்.

சவ்வு எதனால் ஆனது

எந்த உயிரியின் செல்லை எடுத்தாலும் அதைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். செல்லுக்கு உள்ளேயும் பல சவ்வுகள் உண்டு. இவற்றின் அடிப்படைப் பொருள் லிப்பிட் என்னும் கொழுப்பு வகை மூலக்கூறு. லிப்பிட்டின் தலைப்பகுதி தண்ணீரோடு சேரும். அதன் இரண்டு வால்களும் தண்ணீரை விட்டு விலகும். தண்ணீருக்குள் போட்டால் இந்த மூலக்கூறுகள் தாமாகவே இரண்டு அடுக்காக அமைந்துகொள்கின்றன. தலைகள் இருபுறமும் தண்ணீரைப் பார்க்க, வால்கள் நடுவில் ஒளிந்துகொள்ளும். இதை முதலில் கணக்கிட்டுச் சொன்னவர்கள் கோர்ட்டர், கிரெண்டல் என்ற நெதர்லாந்து ஆய்வாளர்கள். 1925இல் சிவப்பணுக்களிலிருந்து லிப்பிட்டைப் பிரித்தெடுத்து நீர்ப்பரப்பில் ஒற்றை அடுக்காகப் பரப்பினார்கள். அது சிவப்பணுக்களின் பரப்பைப் போல இரண்டு மடங்கு இடத்தை அடைத்தது.

இந்த இரட்டை அடுக்கின் தடிமன் 4 முதல் 5 நானோமீட்டர். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நாம் காணும் ஒளியின் அலைநீளமே 400 முதல் 700 நானோமீட்டர் என்பதால், சாதாரண நுண்ணோக்கியில் சவ்வின் தடிமனைப் பார்க்க வழியே இல்லை.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து லிப்பிட்டுகளுக்கு இடையே வேதிப்பிணைப்பு கிடையாது. தண்ணீரை விட்டு விலகும் போக்கும், வால்களுக்கு இடையே உள்ள மெல்லிய ஈர்ப்பும்தான் அவற்றைச் சேர்த்து வைத்திருக்கின்றன. அதனால் ஒவ்வொரு மூலக்கூறும் தன் அடுக்குக்குள் ஓயாமல் நகர்ந்துகொண்டே இருக்கும். 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் சவ்வைப் பாய்மமாக, அதாவது திரவம்போல ஓடக்கூடிய பொருளாக விவரித்தது இதனால்தான்.

எல்லாச் சவ்வும் எப்போதும் பாய்மமாக இருப்பதில்லை. வால்கள் நேராக இருந்தால் நெருக்கமாகச் சேர்ந்து, விறைத்த ஜெல் நிலைக்குப் போகும். வாலில் இரட்டைப் பிணைப்பு இருந்தால் அந்த இடத்தில் வளைவு விழும், நெருங்கிச் சேர முடியாது, குளிரிலும் பாய்மமாகவே இருக்கும். ஆய்வகத்தில் அதிகம் புழங்கும் இரண்டு லிப்பிட்டுகளைப் பார்த்தால் இது புரியும். நேரான வால்கள் கொண்ட டிபிபிசி 41 டிகிரியில்தான் பாய்மமாகிறது. வாலுக்கு ஓர் இரட்டைப் பிணைப்பு கொண்ட டிஓபிசிக்கு அந்த மாற்றம் உறைநிலைக்கும் கீழே, சுமார் மைனஸ் 17 டிகிரியில் நடந்துவிடுகிறது. வாலில் இவ்வளவு சிறிய வேறுபாடு, உருகும் வெப்பத்தில் கிட்டத்தட்ட 60 டிகிரி வித்தியாசம்.

எந்த வலுவை அளக்கிறோம்

சவ்வின் இயந்திரப் பண்பு என்று ஒரே ஓர் எண் கிடையாது. குறைந்தது நான்கு உண்டு.

1. பரப்பு விரிவுக் குணகம். சவ்வைப் பக்கவாட்டில் இழுத்து அதன் பரப்பைக் கூட்ட எவ்வளவு இழுவிசை வேண்டும் என்பது. பாய்மச் சவ்வுகளுக்கு இது மீட்டருக்கு 0.2 முதல் 0.3 நியூட்டன். பரப்பு 2 முதல் 5 சதவீதம் கூடினாலே சவ்வு கிழிந்துவிடும்.

2. வளைவு விறைப்பு. சவ்வை வளைக்கத் தேவையான ஆற்றல். இது மிகச் சிறியது. அறை வெப்பத்தில் ஒரு மூலக்கூறுக்குத் தானாகக் கிடைக்கும் வெப்ப ஆற்றலைப் போலச் சுமார் 20 மடங்குதான். அதனால்தான் உயிருள்ள சிவப்பணுவின் விளிம்பு நுண்ணோக்கியில் துடித்துக்கொண்டே இருப்பதுபோலத் தெரிகிறது.

3. யங் குணகம். மேலிருந்து அழுத்தும்போது தடிமன் எவ்வளவு அமுங்குகிறது என்பதிலிருந்து வருவது. லிப்பிட் இரட்டை அடுக்குக்கு இது சில பத்து மெகாபாஸ்கல் அளவில் இருக்கும்.

4. துளைப்பு விசை. ஒரு நுண்முனையால் அழுத்திக்கொண்டே போனால் எந்த விசையில் சவ்வு வழிவிட்டு முனை உள்ளே இறங்குகிறது என்பது. இதன் அளவு சில நானோநியூட்டன் முதல் சில பத்து நானோநியூட்டன் வரை. ஒரு நானோநியூட்டன் என்பது ஒரு நியூட்டனில் நூறு கோடியில் ஒரு பங்கு.

இந்த நான்கும் ஒன்றாகவே ஏறி இறங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு சவ்வு சுலபமாக வளையும், ஆனால் இழுக்க விடாது. "பலவீனமாகிறது" என்று படிக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, இந்த நான்கில் எது குறைந்தது என்பதுதான். ஏஎஃப்எம் நேரடியாகத் தருவது மூன்றாவதும் நான்காவதும். முதல் இரண்டையும் சில ஏற்பாடுகளோடு கணக்கிட்டு எடுக்கலாம். ஆனால் அவற்றுக்கு, கண்ணாடி நுண்குழாயால் சவ்வுக் குமிழை உறிஞ்சி இழுத்துப் பார்க்கும் முறையே இன்றைக்கும் நம்பகமானது.

கருவி வேலை செய்யும் விதம்

அணுவிசை நுண்ணோக்கியை 1986இல் அறிமுகப்படுத்தியவர்கள் பின்னிக், குவேட், கெர்பர் ஆகிய மூவர். இதில் ஒளியால் எதையும் பார்ப்பதில்லை. சிலிக்கன் நைட்ரைடால் ஆன ஒரு மெல்லிய பட்டை இருக்கும். கேண்டிலீவர் என்பார்கள். அதன் ஒரு முனை பிடித்து வைக்கப்பட்டிருக்கும், மறுமுனையின் அடியில் கூர்மையான ஒரு நுண்முனை இருக்கும். நுண்முனையின் நுனி ஆரம் சில நானோமீட்டர் முதல் 20 நானோமீட்டர் வரை. பட்டையின் முதுகில் ஒரு லேசர் கற்றை பட்டுத் திரும்பி ஓர் ஒளி உணரியில் விழுகிறது. பட்டை துளி வளைந்தாலும் ஒளிப்புள்ளி நகர்ந்துவிடும். மின்னழுத்தம் கொடுத்தால் நீளும் பீசோ படிகம் பட்டையை நானோமீட்டர் கணக்கில் கீழே இறக்கி, மேலே ஏற்றுகிறது.

விசையைக் கணக்கிடப் பள்ளியில் படித்த ஹூக் விதி போதும். பட்டை எவ்வளவு விறைப்பானது என்று சொல்லும் சுருள்வில் மாறிலியை அது வளைந்த தூரத்தால் பெருக்கினால் விசை கிடைத்துவிடும். மாறிலி மீட்டருக்கு 0.1 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். பட்டை 10 நானோமீட்டர் வளைந்தால் விசை 1 நானோநியூட்டன். எடையாகச் சொன்னால் ஒரு கிராமில் கோடியில் ஒரு பங்கு. இதே பட்டை, யாரும் தொடாதபோதும், சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் மோதுவதால் சுமார் 0.2 நானோமீட்டர் அதிர்ந்துகொண்டே இருக்கும். விசையில் அது 20 பிக்கோநியூட்டன், அதாவது ஒரு நானோநியூட்டனில் ஐம்பதில் ஒரு பங்கு. நானோநியூட்டன் அளவிலான துளைப்பு விசைக்கு முன்னால் இந்த இரைச்சல் பெரிதில்லை.

அந்த அதிர்வு இடைஞ்சல் மட்டும் இல்லை, உதவியும்கூட. பெட்டியில் அச்சிட்டு வரும் மாறிலி இரு மடங்குவரைகூடத் தவறாக இருக்கலாம். பட்டை தானாக எவ்வளவு அதிர்கிறது என்று பதிவுசெய்து, அதிலிருந்து உண்மையான மாறிலியைக் கணக்கிடும் முறை 1993 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்த அளவுதிருத்தத்தைச் செய்யாமல் வெளியிட்ட எண்களை நான் பொருட்படுத்துவதில்லை. வாசகர்களும் அப்படியே செய்யலாம்.

சவ்வை மேடையில் விரிப்பது

சவ்வைத் தொட்டு அளக்க, அது முதலில் ஓர் இடத்தில் அசையாமல் இருக்க வேண்டும். அதற்கு வழக்கமாக மைக்கா தகடு பயன்படுத்துவார்கள். மைக்கா அடுக்கடுக்காகப் பிரியும் கனிமம். வட்டமாக வெட்டிய தகட்டின் மேல் சாதாரண செலோடேப்பை ஒட்டி, விரலால் நன்றாகத் தேய்த்து, ஒரே இழுப்பில் உரிப்பார்கள். டேப்போடு ஒரு பளபளப்பான ஏடு முழு வட்டமாக வந்துவிட்டால் சரி. பாதி வட்டம்தான் வந்திருந்தால் இன்னொரு முறை உரிக்க வேண்டும். அப்படி வெளிப்படும் புதிய முகம் அணு அளவிலேயே சமதளமானது. காற்றில் உள்ள அழுக்கு படிவதற்குள் அதன் மேல் திரவத்தை விட்டுவிட வேண்டும்.

லிப்பிட்டை குளோரோஃபார்மில் கரைத்து, நைட்ரஜன் வாயுவால் உலர்த்தி, தாங்கல் கரைசலில் கலக்கி, ஏறத்தாழ 100 நானோமீட்டர் அளவுள்ள சின்னச் சின்னக் குமிழ்களாக ஆக்குவார்கள். கால்சியம் சேர்த்த கரைசலில் இந்தக் குமிழ்களை மைக்காவின் மேல் விட்டால், அவை மைக்காவைத் தொட்டுத் தட்டையாகி, உடைந்து, ஒன்றோடொன்று இணைந்து ஒரே படலமாக விரிந்துகொள்ளும். படலத்துக்கும் மைக்காவுக்கும் நடுவில் 1 முதல் 2 நானோமீட்டர் தடிமனில் நீர் தங்கும். மிச்சமுள்ள குமிழ்களை மெல்லக் கழுவி எடுத்தால் மேடை தயார். இவ்வளவும் நீருக்குள்ளேயே நடக்கிறது. காற்றுப் பட்டால் படலம் போய்விடும்.

ஒரே ஓர் அழுத்தலில் நடப்பது

இனி நுண்முனையை இறக்கலாம். கணினித் திரையில் தூரத்தைக் கிடைக்கோட்டிலும் விசையைச் செங்குத்துக்கோட்டிலும் வைத்து ஒரு வளைகோடு உருவாகும். அதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும்.

1. முனை தொலைவில் இருக்கும்வரை கோடு தட்டையாகப் போகும். விசை பூஜ்யம்.

2. சவ்வுக்குச் சில நானோமீட்டர் தூரத்தில் கோடு மெல்ல எழும்பும். இன்னும் தொடவில்லை. மின்னூட்டங்களின் விலக்கமும், லிப்பிட் தலைகளைப் பற்றியிருக்கும் நீரின் எதிர்ப்பும் முனையைத் தள்ளுகின்றன.

3. தொட்டவுடன் கோடு செங்குத்தாக ஏறத் தொடங்கும். சவ்வு அமுங்குகிறது, ஆனால் கிழியவில்லை. இந்தக் கட்டத்தில் முனையைத் திருப்பி எடுத்துவிட்டால் சவ்வு பழையபடி ஆகிவிடும். யங் குணகத்தைக் கணக்கிடுவது இந்தப் பகுதியிலிருந்துதான்.

4. திடீரென்று கோட்டில் ஒரு படி விழும். விசை ஏறுவது ஒரு கணம் நின்று, முனை சுமார் 4 நானோமீட்டர் ஒரே தாவலில் கீழே போய் மைக்காவில் உட்காரும். படி தொடங்கிய இடத்தில் இருந்த விசைதான் துளைப்பு விசை. படியின் அகலம் சவ்வின் தடிமனை ஒட்டிவரும். ஒரே கோட்டிலிருந்து இரண்டு அளவு.

5. அதற்குப் பிறகு கோடு மைக்காவின் கடினத்தைத்தான் காட்டும். முனையைத் தூக்கும்போது சில சமயம் சவ்விலிருந்து ஒரு மெல்லிய குழல் இழுபட்டுக்கொண்டு வரும். அதை இழுத்துப் பிடிக்கும் விசை சில பத்து பிக்கோநியூட்டன்.

நான்காவது கட்டத்தில் முனைக்கு அடியில் உள்ள நிலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 5 நானோநியூட்டன் என்பது ஒன்றுமே இல்லாத விசை. ஆனால் அது படும் பரப்பு 50 சதுர நானோமீட்டர் அளவில்தான் இருக்கும். வகுத்துப் பார்த்தால் அழுத்தம் ஏறத்தாழ 100 மெகாபாஸ்கல், அதாவது 1,000 வளிமண்டல அழுத்தம். வேதிப்பிணைப்பே இல்லாமல் சேர்ந்து நிற்கும் மூலக்கூறுகள் இதைத் தாங்குகின்றன. முனையை எடுத்தபின் பாய்மச் சவ்வில் ஓட்டையும் தானாகவே மூடிக்கொள்கிறது. இந்தத் துறையில் என்னை இன்னும் வியக்க வைப்பது இதுதான்.

ஒரே சவ்வு, பல எண்கள்

சரி, எண் கிடைத்துவிட்டது. "இந்தச் சவ்வின் துளைப்பு விசை 5 நானோநியூட்டன்" என்று எழுதிவிடலாமா? கூடாது. அந்த எண் சவ்வுக்கு மட்டும் சொந்தமில்லை, அளந்த சூழலுக்கும் சொந்தம். எவை எவை அதை மாற்றும் என்று பார்க்கலாம். கடலோரத்துக்கு முக்கியமான இரண்டை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

வெப்பம்: பாய்ம நிலையில் உள்ள சவ்வில் வெப்பம் ஏற ஏறத் துளைப்பு விசை குறையும். ஜெல் நிலையிலிருந்து பாய்ம நிலைக்கு மாறும் இடத்தில் சட்டென்று இறங்கும். செய்தியில் வரும் "பலவீனமடைகிறது" என்ற வரிக்குப் பின்னால் இருக்கும் உண்மையான இயற்பியல் இதுதான். ஆனால் இதை அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஆய்வகங்கள் பெரும்பாலும் ஏசி போட்ட அறைகள். லேசரும் கருவியின் மின்பகுதிகளும் சேர்ந்து மாதிரியை அறை வெப்பத்தைவிடச் சில டிகிரி சூடாக்கிவிடும். அதனால் அறைச் சுவரில் மாட்டியிருக்கும் வெப்பமானியைப் பார்த்து எழுதிய எண்ணுக்கு மதிப்பில்லை, திரவத்துளிக்குள்ளேயே அளந்திருக்க வேண்டும். 22 டிகிரியில் அளந்த முடிவை வைத்து 31 டிகிரி மன்னார் வளைகுடாவைப் பற்றிப் பேசுவதும் சரியில்லை. இடையில் அந்த லிப்பிட்டின் நிலைமாற்றம் ஒன்று இருந்துவிட்டால், இரண்டும் இரண்டு வேறு பொருள்கள்.

உப்பு: இதை நம் கரையில் இருந்துகொண்டு அலட்சியம் செய்ய முடியாது. சோடியம், கால்சியம், மெக்னீசியம் அயனிகள் லிப்பிட் தலைகளில் ஒட்டிக்கொண்டு பக்கத்து மூலக்கூறுகளை நெருக்கமாக இழுக்கின்றன. அதனால் உப்பு கூடினால் துளைப்பு விசையும் கூடுகிறது. இதே சவ்வைத் தூய நீரிலும் உப்பு நீரிலும் அளந்தால் இரண்டு எண்கள் வரும். மனித உடலைப் பற்றிய ஆய்வுகளில் வழக்கமாக லிட்டருக்கு 150 மில்லிமோல் சோடியம் குளோரைடு இருக்கும். கடல்நீரில் சோடியம் மட்டுமே சுமார் 470 மில்லிமோல், மெக்னீசியம் 53, கால்சியம் 10. அதோடு நம் கடலின் உப்பும் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையில் பாக் நீரிணைப் பக்கம் உப்பு குறையும், கோடையில் ஏறும். பாம்பனுக்கு வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல் என்று வாழ்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

உப்பில் இன்னொரு கண்ணி இருக்கிறது. அளவெடுக்கும் திரவம் பெரும்பாலும் சின்னத் துளிதான். சூடாக்கும் மேடையில் ஒரு மணி நேரம் வைத்தால் அதிலிருந்து நீர் ஆவியாகும், மிச்சமிருக்கும் துளியில் உப்பு ஏறும். வெப்பம் சவ்வைத் தளர்த்துகிறது, ஏறிய உப்போ இறுக்குகிறது. ஒன்றை ஒன்று மறைத்து, "வெப்பத்தால் பெரிய மாற்றம் இல்லை" என்ற தவறான முடிவுக்குக் கொண்டுபோய் விட்டுவிடலாம். மூடிய கலத்தில் அளந்தார்களா என்று பார்ப்பது அதனால் அவசியம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேகமாக அழுத்தினால் துளைப்பு விசை கூடுதலாகவும், மெதுவாக அழுத்தினால் குறைவாகவும் வரும். சவ்வில் ஓட்டை விழுவது வெப்ப அசைவால் தற்செயலாக நடப்பது. வேகமாகப் போனால் அந்தத் தற்செயலுக்கு நேரம் போதாது. இதே காரணத்தால் ஒவ்வோர் அழுத்தலிலும் விசை கொஞ்சம் மாறும். நூற்றுக்கணக்கான வளைகோடுகள் எடுத்து அவற்றின் பரவலைக் காட்டாமல் ஒரே எண்ணைத் தருவது முறையில்லை. முனையின் ஆரம் கூடினால் விசையும் கூடும். முனையில் லிப்பிட் ஒட்டிக்கொண்டால் அதுவும் எண்ணைக் கெடுக்கும். சவ்வில் கொலஸ்ட்ரால் கலந்திருந்தால் பெரும்பாலும் துளைப்பு விசை ஏறும்.

அப்புறம் மைக்கா. காய்வதற்காக மணலில் விரித்த வலையை விரலால் அழுத்தினால் விரலுக்குத் தெரிவது பெரும்பாலும் மணல். அதே வலையை இரண்டு கம்புக்கு நடுவே இழுத்துக் கட்டிவிட்டு அழுத்தினால்தான் வலையின் விறைப்பு தெரியும். மைக்கா மேல் விரித்த சவ்வும் மணலில் விரித்த வலையின் நிலையில்தான் இருக்கிறது. 4 நானோமீட்டர் படலத்தைக் கொஞ்சம் அமுக்கினாலே அடியில் உள்ள மைக்கா எதிர்க்கத் தொடங்கிவிடும். இதைத் தவிர்க்க, நுண்துளைகள் உள்ள தகட்டின் மேல் சவ்வை விரித்து, துளைக்கு நேர் மேலே அழுத்தும் முறையை ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2006 வாக்கில் வளர்த்தெடுத்தார்கள். சவ்வின் இழுவிசையையும் பரப்பு விரிவையும் ஏஎஃப்எம் கொண்டு அறிய இந்த வழி உதவுகிறது. செய்வது கடினம், துளையின் மேல் படலம் சீக்கிரம் கிழிந்துவிடும். ஆனாலும் சவ்வின் சொந்தக் குணத்தைக் கேட்பவர்கள் அங்கேதான் போக வேண்டியிருக்கிறது.

பவளத்துக்குள் எந்தச் சவ்வு

பவள உயிரியின் திசுவுக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. ஒளிச்சேர்க்கை செய்து அவை பவளத்துக்கு உணவு தருகின்றன, நிறமும் பெரும்பாலும் அவற்றால்தான். நீர் சூடாகி அந்தப் பாசிகள் வெளியேறினால் வெள்ளை எலும்புக்கூடு திசு வழியாகத் தெரியும். வெளுப்பு என்பது அதுதான்.

பாசியின் உள்ளே ஒளிச்சேர்க்கை நடக்கும் இடம் தைலகாய்டு சவ்வு. 2004இல் வெளியான ஓர் ஆய்வு, வெப்பத்தைத் தாங்கும் பாசி வகைகளுக்கும் தாங்காதவற்றுக்கும் இந்தச் சவ்வின் லிப்பிட்டுகளில் வேறுபாடு இருப்பதைக் காட்டியது. தாங்காதவற்றில் இரட்டைப் பிணைப்புகள் நிறைந்த வால்களின் பங்கு அதிகம். வெப்பத்தில் அந்தச் சவ்வு தன் ஒழுங்கை இழக்கிறது, ஒளிச்சேர்க்கையின் எலக்ட்ரான்கள் வழிதவறி ஆக்சிஜனோடு சேர்கின்றன, உருவாகும் நச்சு மூலக்கூறுகள் பாசியையும் பவளத்தையும் தாக்குகின்றன என்பது அந்த ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம். செய்திகளில் வரும் "சவ்வு பலவீனம்" என்ற கருத்தின் வேர்களில் இது ஒன்று. ஆனால் இது மட்டுமே காரணம் என்று அறிவியல் உலகம் முடிவுகட்டிவிடவில்லை. ஒளிச்சேர்க்கைப் புரதங்கள் சிதைவதும், கார்பனைப் பிடிக்கும் நொதி வெப்பத்தில் தளர்வதும் தனித்தனி விளக்கங்களாக நிற்கின்றன.

ஏஎஃப்எம் இதில் எங்கே உதவும், எங்கே உதவாது என்பதைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

1. ஆய்வகத்தில் பழகிய டிஓபிசி, டிபிபிசி லிப்பிட்டுகளில் கிடைத்த எண்களைத் தைலகாய்டுக்கு அப்படியே பொருத்த முடியாது. தைலகாய்டில் பெரும்பங்கு, தலையில் சர்க்கரை கொண்ட கேலக்டோலிப்பிட்டுகள். அவற்றில் அதிகம் உள்ள ஒரு வகை, தனியாக விட்டால் இரட்டை அடுக்காகவே அமையாது.

2. தைலகாய்டு சவ்வின் எடையில் பாதிக்கு மேல் புரதம். லிப்பிட்டை மட்டும் பிரித்தெடுத்து அளந்தால் கிடைப்பது அந்தச் சவ்வின் ஒரு பகுதி பற்றிய தகவல்தான்.

3. நுண்முனை அளப்பது, மேலிருந்து அழுத்தினால் எப்போது துளைபடும் என்பதை. மேலே சொன்ன சவ்வு விளக்கத்தின்படி பாசிக்குக் கேட்டைத் தொடங்கிவைப்பதோ, ஒழுங்கிழந்த சவ்வில் அயனிகள் கசிவது. இரண்டும் லிப்பிட்டுகள் எவ்வளவு நெருங்கிச் சேர்ந்திருக்கின்றன என்பதைச் சார்ந்தவை என்பதால் தொடர்பு இருக்கலாம். ஆனால் துளைப்பு விசை குறைந்தது என்பதை மட்டும் வைத்துக் கசிவு கூடியது என்று சொல்லிவிட முடியாது. கசிவைத் தனியாக அளந்து பக்கத்தில் வைக்க வேண்டும்.

4. உயிருள்ள செல் சும்மா இருப்பதில்லை. நீரின் வெப்பம் மெல்ல ஏறினால் அதற்கேற்பத் தன் லிப்பிட் கலவையை மாற்றிக்கொள்ளும். பாக்டீரியாவில் 1974இலேயே இதைக் காட்டினார்கள். ஜனவரியில் எடுத்த பாசியின் சவ்வும் மே மாதம் எடுத்த பாசியின் சவ்வும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. மாதிரி எந்த மாதத்தில் எடுத்தது என்பதும் அளவீட்டின் பகுதிதான்.

இத்தனை தடைகளைச் சொன்னாலும் இந்த முறையை ஒதுக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒற்றை எண்ணாக நம்ப முடியாத அளவு, ஒப்பீட்டில் நன்றாகவே வேலை செய்யும். 2016இல் மன்னார் வளைகுடாவில் அதிகம் அடிபட்டவை அக்ரோபோரா, மாண்டிபோரா, போசிலோபோரா போன்ற வேகமாக வளரும் பவளங்கள். பாறை உருண்டைகளாக வளரும் போரைட்ஸ் ஓரளவு தாக்குப்பிடித்தது. ஒரே தீவைச் சுற்றி, ஒரே பருவத்தில், அக்ரோபோராவிலிருந்தும் போரைட்ஸிலிருந்தும் பாசிகளை எடுத்து, அவற்றின் தைலகாய்டு சவ்வுகளை ஒரே நுண்முனையால், ஒரே வேகத்தில், மூடிய கலத்தில் கடல்நீரின் உப்போடு, 26, 30, 32 டிகிரிகளில் அளப்பதாக வைத்துக்கொள்வோம். முனையின் ஆரத்தில் உள்ள பிழை, பட்டையின் மாறிலியில் உள்ள பிழை, மைக்காவின் குறுக்கீடு எல்லாம் இரண்டுக்கும் பொதுவாக இருக்கும். வித்தியாசத்தை எடுக்கும்போது அவை பெரும்பாலும் கழிந்துவிடும். எந்தச் சவ்வு எத்தனை டிகிரியில் சட்டென்று இறங்குகிறது என்பது மிஞ்சும். கருவியை விட்டுக் கடலுக்கு எடுத்துப்போகக்கூடிய தகவல் அதுதான்.

இதற்கு நிறையப் பவளத்தை வெட்ட வேண்டியதும் இல்லை. கடினப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதியோடு எடுத்த ஒரு சின்னத் துண்டிலிருந்து பாசியைப் பிரித்து ஆய்வகத்தில் வளர்க்கப் பார்க்கலாம். எல்லா வகைப் பாசியும் அப்படி வளர்ந்துவிடுவதில்லை. வளர்பவற்றிலும், கடலில் இருந்தபோது இருந்த லிப்பிட் கலவை வளர்ப்புக் குடுவையில் மாறிவிடக்கூடும் என்பதால், பிரித்தெடுத்த முதல் நாளிலேயே ஒரு பங்கை உறையவைத்து, அதன் லிப்பிட்டுகளைத் தனியே பகுத்துப் பார்த்துவிட்டுத்தான் நுண்முனையை இறக்க வேண்டும்.